புதையலும் இல்ல, வேட்டையும் இல்ல: ஜியோகேஷிங்குக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்

போன மாசம் ஒரு சனிக்கிழமை தமிழ் வகுப்புப் பசங்களைக் கூட்டிக்கிட்டு பக்கத்துக் காட்டுப் பாதைக்கு ஜியோகேஷிங் விளையாடப் போனோம். ஒருத்தர் ஒரு டப்பாவை ஒளிச்சு வச்சு அந்த இடத்தோட ஜிபிஎஸ் எண்ணைச் சொல்லுவார், மத்தவங்க கருவியை வச்சு அதைத் தேடிக் கண்டுபிடிக்கணும், அதுதான் விளையாட்டு. நாங்க இருக்கறது ஓரிகன்ல, போர்ட்லேண்டுக்கு மேற்கால. முந்தின வாரமே எல்லார் வீட்டுக்கும் ஒரு தாள் போயிருந்தது, தலைப்பு "புவிப் புதையல் வேட்டை". வந்த 12 பசங்கள்ல மூணு பேர் கையில தோட்டத்து மண்ணு கிளர்ற சின்னக் கரண்டி, ஒரு பொண்ணு அவங்க அப்பாவோட மடக்கு மண்வெட்டியையே தூக்கிட்டு வந்திருந்தா. தோண்டக் கூடாதும்மான்னு சொன்னா "புதையல்னா தோண்டித்தானே எடுக்கணும்"ங்கறா. அவ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல, அவளுக்குத் தமிழ் சரியாவே தெரியுது. தாள்ல எழுதினதுதான் தப்பு.

அதோட முடியல. ஒரு பையன் விழுந்து கிடந்த மரத்துக்கு அடியில இருந்து டப்பாவை கண்டுபிடிச்சான், நேரா அவன் பைக்குள்ள போட்டுக்கிட்டான். திரும்ப அங்கயே வைக்கணும்னு சொன்னதும் அழுகை. "நான்தானே கண்டுபிடிச்சேன், புதையல் எனக்குத்தானே." அன்னிக்கு ராத்திரி வந்து உக்காந்து எழுத ஆரம்பிச்சதுதான் இந்தக் குறிப்பு. இந்தப் "புதையல் வேட்டை"யை நான் பல வருஷமா பாத்துட்டு வரேன், பேப்பர்ல வரும், பசங்க பத்திரிகைல வரும், மொழிபெயர்ப்புக் கட்டுரைல வரும், ஒவ்வொரு தடவையும் போகட்டும்னு விட்டேன், இனிமே விட முடியாது.

முதல்ல வார்த்தை எங்க இருந்து வந்ததுன்னு சுருக்கமா சொல்லிடறேன். ஜியோங்கறது கிரேக்கத்துல பூமி. கேஷ்ங்கறது பிரெஞ்சு, "கஷே"ன்னா ஒளிச்சு வைக்கறது. வட அமெரிக்கால தோல் வியாபாரத்துக்கு காடு காடா அலைஞ்ச பிரெஞ்சு கனடாக்காரங்க, திரும்பி வரும்போது வேணும்னு சாப்பாட்டையும் தோலையும் வழியில ஒளிச்சு வச்சுட்டுப் போவாங்க, அதுக்குப் பேரு கேஷ். அங்க இருந்து இங்கிலீஷ்ல நிலைச்சிடுச்சு. 1960கள் கடைசியில ஐபிஎம் தன்னோட பெரிய கம்ப்யூட்டர் ஒண்ணுல இருந்த வேகமான சின்ன மெமரிக்கு இதே பேரை வச்சாங்க, கம்ப்யூட்டர் கேஷ் அப்படி வந்தது.

விளையாட்டு பிறந்தது எங்க ஊர்ப் பக்கம்தான். 2000 மே 1 அன்னிக்கு கிளிண்டன் அரசாங்கம், பொதுமக்கள் ஜிபிஎஸ்ல வேணும்னே கலந்துவச்சிருந்த பிழையை நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க. அதுவரைக்கும் 100 மீட்டர் வரை தப்பா காட்டிட்டிருந்த கைக்கருவி, ராத்திரியோட ராத்திரியா 10, 20 மீட்டருக்குள்ள வந்துடுச்சு. ரெண்டு நாள்ல, மே 3, டேவ் உல்மர்ங்கறவர் போர்ட்லேண்டுக்குத் தெற்க பீவர்கிரீக் பக்கத்துல ரோட்டோரமா ஒரு கறுப்பு பக்கெட்டை வச்சார். உள்ள நோட்டு, பென்சில், வீடியோ கேசட், புத்தகம், உண்டிவில், ஒரு பீன்ஸ் டின்னு. இடத்தை எண்ணா எழுதி ஜிபிஎஸ் ஆர்வலர்கள் குழுவுல போட்டார்: வடக்கு 45° 17.460', மேற்கு 122° 24.800'. மூணு நாளைக்குள்ள மைக் டீக்ங்கறவர் போய் நோட்டுல பேரு எழுதிட்டார்.

இப்ப கவனிக்க வேண்டிய இடம். உல்மர் அதுக்கு வச்ச பேர்ல இருந்தது "ஸ்டாஷ்"ங்கற வார்த்தை. அது இங்கிலீஷ்ல கஞ்சாப் பொட்டலத்தை ஒளிச்சு வைக்கறதுக்கும் சொல்ற வார்த்தை. அதே மே மாசம் 30ம் தேதி மேட் ஸ்டம்ங்கறவர், இந்த வார்த்தை நல்லா இல்ல, "ஜியோகேஷிங்"னு மாத்திக்கலாம்னு எழுதினார். பிறந்து ஒரு மாசம் கூட ஆகாத விளையாட்டுக்கு, ஒரு வார்த்தையோட நாத்தம் பிடிக்கலைன்னு பேரை மாத்தினாங்க. செப்டம்பர்ல ஜெரமி ஐரிஷ் அந்தப் பேர்ல தளம் தொடங்கினப்போ மொத்தம் 75 டப்பாதான் இருந்தது, பேரு நின்னுடுச்சு. அவங்க அவ்ளோ யோசிச்சு எடுத்த வார்த்தையை நாம தமிழாக்கும்போது ஒரு நிமிஷம் கூட யோசிக்க மாட்டேங்கறோம், அதுதான் எனக்கு ஆத்திரம்.

சரி, புதையல்ல என்ன தப்பு? வார்த்தைக்குள்ளயே இருக்கு. புதை, புதைகுழி, புதைமணல், புதையல். மண்ணுக்குள்ள போனதுதான் புதையல். ஆனா இந்த விளையாட்டோட அடிப்படை விதியே டப்பாவைப் புதைக்கக் கூடாது, தேடறவன் தோண்டக் கூடாதுங்கறதுதான். இடத்துக்குச் சொந்தக்காரங்க வெளிப்படையா அனுமதி குடுத்தாத்தான் மண்ணைத் தொடலாம். காட்டுலாகா, பூங்காக்காரங்க எல்லாம் இந்த விளையாட்டைப் பொறுத்துக்கிட்டிருக்கறதே மண்ணைக் கிளறாததாலதான். ஒருத்தர் என்கிட்ட மடக்கினார், உல்மரோட முதல் பக்கெட்டே பாதி மண்ணுக்குள்ளதானே இருந்துச்சு, தோல் வியாபாரிங்களும் குழி வெட்டித்தானே வச்சாங்கன்னு. உண்மைதான், நான் மறுக்கல. ஆனா அதுக்கப்புறம் விதி மாறிடுச்சு, இத்தனை வருஷமா விளையாடறவங்க செய்யறதை வச்சுத்தான் பேர் வைக்கணும், முதல் நாள் ஒருத்தர் செஞ்சதை வச்சு இல்ல.

மண்ணை விடுங்க, அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. புதையல்னா நம்ம காதுல என்ன விழுது? வச்சவன் செத்துட்டான் இல்ல மறந்துட்டான், கிடைச்சவனுக்கு யோகம். பானை நிறைய தங்கக் காசு. ஊர்ல இன்னிக்கும் புதையல் எடுக்கறேன்னு ராத்திரில கோயிலைத் தோண்டறாங்க, பலி குடுக்கறாங்க, பேப்பர்ல வந்துட்டுத்தான் இருக்கு. சட்டத்துலயும் இருக்கு, 1878ம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சா கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும். இவ்ளோ பாரத்தைச் சுமந்துக்கிட்டிருக்கற வார்த்தையைக் கொண்டுபோய், உள்ள ஒரு நோட்டும் ரெண்டு பிளாஸ்டிக் பொம்மையும் இருக்கற சாப்பாட்டு டப்பா மேல ஏத்தினா என்ன ஆகும்? அந்தப் பையன் அழுதான் இல்லையா, அதுதான் ஆகும். டப்பாவை வச்சவர் உயிரோட இருக்கார், யார் யார் வந்தாங்கன்னு பாக்கறார், நோட்டு நனைஞ்சா மாத்தறார். தேடி வந்தவர் பேரும் தேதியும் எழுதிட்டு, உள்ள இருந்து ஒரு சாமான் எடுத்தா அதே மதிப்புக்கு இல்ல அதைவிடக் கூடுதலா ஒண்ணு வச்சிட்டு, டப்பாவை இருந்த இடத்துலயே இருந்த மாதிரியே வச்சிட்டுப் போகணும். எடுத்துட்டுப் போறது புதையல், வச்சிட்டுப் போறது இது. நேர் எதிர்.

அதுலயும் டப்பாவே இல்லாத வகை ஒண்ணு இருக்கு, எர்த்கேஷ்னு. அமெரிக்க நிலவியல் சங்கத்தோட சேர்ந்து 2004ல கொண்டுவந்தது. அந்த எண்ணுக்குப் போனா ஒரு பாறை இருக்கும், எரிமலைக் குழம்பு ஆறின அடுக்கு இருக்கும், அதைப் பாத்துக் கேள்விக்குப் பதில் எழுதணும், அவ்ளோதான். இதை ஒருத்தர் "பூமிப் புதையல்"னு எழுதியிருந்தார், படிச்சிட்டு தங்கச் சுரங்கமான்னு கேக்க மாட்டாங்களா?

வேட்டையும் அப்படித்தான். இங்கிலீஷ்ல "ஹண்ட்"ங்கறது சாவியைத் தேடறதுக்கும் வரும், வேலை தேடறதுக்கும் வரும், தமிழ்ல வேட்டைன்னா துரத்தணும், அடிக்கணும். போலீஸ் தேடுதல் வேட்டைன்னு பேப்பர்ல எழுதறாங்களே, அதுலயும் ஓடறவன் ஒருத்தன் இருக்கான். சிவனேன்னு மரப்பொந்துல உக்காந்திருக்கற டப்பாவை எவன் வேட்டையாடுவான்? எங்க ஊர்ல இது வெறும் வார்த்தைச் சண்டையும் இல்ல, அக்டோபர்ல இந்தக் காட்டுல நிஜமாவே துப்பாக்கியோட மான் வேட்டை நடக்கும், நாங்க ஆரஞ்சு சட்டை மாட்டாம பசங்களை உள்ள விடறதில்ல. அந்த நேரத்துல "வேட்டைக்கு வாங்க"ன்னு தாள் அனுப்பினா பாட்டிமார் போன் பண்ணிக் கேக்கறாங்க.

மத்த சொல்லெல்லாம் பாத்தாச்சு. கம்ப்யூட்டர் அகராதில இருந்து "தேக்ககம்" எடுத்து "புவித்தேக்ககம்"னு எழுதினவங்க உண்டு, அதைப் படிச்சா எனக்கு மேட்டூர் அணைதான் கண்ணுல வருது. கம்ப்யூட்டர் கேஷ்ல முக்கியம் சட்டுனு எடுக்கறது, விளையாட்டுல முக்கியம் சட்டுனு கிடைக்காதது, இங்கிலீஷ்ல ஒரே வார்த்தைங்கறதுக்காக தமிழ்லயும் ஒரே வார்த்தை போடணும்னு யார் சொன்னது? "பதுக்கல்" இன்னும் நெருக்கமா வரும், பொருள் கிட்டத்தட்ட சரி, ஆனா பதுக்கல்னதும் ரேஷன் அரிசி மூட்டையும் பதுக்கல்காரரும்தான் ஞாபகம் வருது. ஸ்டாஷ்ல இருந்த அதே நாத்தம். மேட் ஸ்டம் எதை வேணாம்னு தள்ளினாரோ அதையே நாம தேடிப் பிடிச்சு எடுக்கறோம். சங்கப் பாட்டுல பதுக்கைன்னா பாலை வழியில செத்தவங்க மேல குவிச்ச கல்லு, அது இன்னும் வேணாம். "புவித்தேட்டம்"னு ஒரு நண்பர் சொன்னார், அழகாத்தான் இருக்கு, ஆனா யாழ்ப்பாணத்துக்காரங்ககிட்ட தேட்டம்னு சொல்லிப் பாருங்க, தேசவழமைச் சட்டத்துல தேடிய தேட்டம்னா கல்யாணத்துக்கு அப்புறம் சம்பாதிச்ச சொத்து. எங்க வகுப்புல பாதிப் பேர் அந்தப் பக்கத்துக்காரங்க, அவங்களுக்கு இது பாகப்பிரிவினை மாதிரி கேக்கும்.

அப்ப ஜியோகேஷிங்னே எழுதிடலாமேன்னா, நான் அதுக்கு விரோதி இல்ல. ஜிபிஎஸ்ஸை நான் ஜிபிஎஸ்னுதான் எழுதறேன், எல்லாருக்கும் புரியுது, அதைப் புவியிடங்காட்டின்னு மாத்தி ஒண்ணும் கூடல. ஆனா ஜியோகேஷ்னு ஊர்ல சித்திகிட்ட சொன்னப்போ "ஜியோ சிம்முல கேஷ்பேக்கா?"ன்னு கேட்டாங்க. ஜியோவும் வேற, கேஷும் வேறன்னு ரெண்டையும் விளக்கி முடிக்கறதுக்குள்ள பேச்சே போயிடுச்சு. காதுல தப்பா விழற கடன்சொல்லால பிரயோஜனம் இல்ல.

என் முடிவு "மறைவைப்பு". மறைச்சு வைக்கறது, வச்சது ரெண்டுக்கும் வரும். வைப்புங்கறது சும்மா ஒட்டவச்ச வார்த்தை இல்ல, பத்திரமா வச்ச பொருளுக்கு நம்மகிட்ட பழைய காலத்துல இருந்து இருக்கற சொல். பொருளைச் சேத்து வைக்கற இடத்தை குறள் வைப்புழின்னுதான் சொல்லுது. வச்சவன் ஒருத்தன் இருக்கான், எடுக்கறதுக்கு இன்னொரு நேரம் இருக்குங்கற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு, அது புதையல்ல இல்ல. டப்பா மறைவைப்பு, விளையாட்டு மறைவைப்புத் தேடல். புவியைச் சேக்கலையேன்னு கேப்பீங்க. இங்க ஜியோங்கறது பூமி இல்ல, இடத்தோட எண்ணு. எண்ணை வச்சுத் தேடறதுன்னு அழுத்திச் சொல்லணும்னா "இடக்குறி மறைவைப்பு"ன்னு எழுதலாம், எல்லா இடத்துலயும் தேவையில்ல. ஜியோன்னு ஆரம்பிக்கற எதுவா இருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு புவி, புவின்னு ஒட்டறதை நிறுத்தணும்.

எண்ணுன்னதும் இதையும் சொல்லிடறேன், ஏன்னா மொழிபெயர்ப்பாளர்கள் இதுல பண்ற தப்பு ஆளைக் காட்டுல அலைய வைக்கும். உல்மரோட எண்ணுல 45ங்கறது பாகை, 17.460ங்கறது கலை. 60 கலை ஒரு பாகை. இதை ஒரு கட்டுரைல "45.17460 டிகிரி"ன்னு எழுதியிருந்தாங்க. நிஜத்துல அது 45.291 டிகிரி. எழுதினபடி போனீங்கன்னா கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் தெற்க போய் நிப்பீங்க. இன்னொருத்தர் "45 டிகிரி 17 நிமிடம்"னு போட்டிருந்தார், நிமிடம்னா கடிகாரம்தான் ஞாபகம் வரும், பாகை கலை விகலைன்னு அருமையா மூணு சொல் நம்மகிட்ட இருக்கும்போது எதுக்கு நிமிடம்? கடைசி தசம இடத்துல 1 மாறினா வடக்கு தெற்குல 1.85 மீட்டர், கைக்கருவி திறந்த வெளில 3, 5 மீட்டர் துல்லியம்தான் காட்டும், டக்ளஸ் ஃபர் மரம் அடர்த்தியா இருக்கற எங்க காட்டுல அதுவும் கிடையாது, ஈர இலைக்குக் கீழ அம்புக்குறி இங்கயும் அங்கயும் ஆடும். அதனால கடைசிப் பத்து மீட்டர் கருவியைப் பாக்கெட்ல போட்டுட்டு கண்ணாலதான் தேடணும், பாசி படிஞ்ச கட்டை, பெரணிச் செடிக்கு அடியில, வேர் இடுக்குல. "கருவி காட்டும் இடத்தில் தோண்டவும்"னு எழுதறவங்க ஒரு தடவையாவது வந்து பாக்கணும். ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோளுக்கு சிக்னல் அனுப்புதுன்னு எழுதறவங்களும்தான், அது ஒண்ணும் அனுப்பாது, வர்றதை வாங்கிக் கணக்குப் போடுது.

டப்பாக்குள்ள பேர் எழுதற நோட்டை இங்கிலீஷ்ல "லாக்"ம்பாங்க, மரக்கட்டைக்கும் அதே வார்த்தைதான். அதை மரக்கட்டைன்னு போட்ட தாளும் என்கிட்ட இருக்கு, "கட்டையில் கையெழுத்திடவும்"னு. இந்தக் காட்டுல கட்டைக்குப் பஞ்சமே இல்லாததால பசங்க நிஜமாவே கட்டையைச் சுத்திப் பாத்தாங்க. பதிவேடுன்னா முடிஞ்சது.

வர்ற மாசம் பீவர்கிரீக்ல அந்த முதல் பக்கெட் இருந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போறோம், இப்ப அங்க நினைவுப் பலகை பதிச்சிருக்காங்க. இந்தத் தடவை தாளை நான்தான் எழுதினேன். தலைப்பு "மறைவைப்புத் தேடல்", அடியில ஒரே வரி, "கண்டுபிடிச்சு, பேர் எழுதி, இருந்த இடத்துலயே வைக்கணும்". மண்வெட்டி கொண்டுவந்த பொண்ணு வீட்டுல படிச்சிட்டு அவங்க அம்மாவை போன் பண்ணச் சொல்லியிருக்கா, வைக்கறதுக்கு அவ என்ன கொண்டுவரலாம்னு கேக்க.