வீட்டைப் பார்த்தீர்கள், சாலை வரைபடத்தைப் பார்த்தீர்களா?

வடக்கு டெக்சாஸில் புது வீடு வாங்கிய தமிழ்க் குடும்பம் ஒன்று அண்மையில் எனக்கு ஒரு புகைப்படத்தைக் காட்டியது. கொல்லைப்புற வேலியை அடுத்து இருவழிச் சாலை ஒன்று. அதற்கு அப்பால் அகலமான புல்வெளிப் பட்டை. “இந்தப் பச்சையை நம்பித்தான் கூடுதல் விலை கொடுத்தோம். இப்போது அங்கே அதிவேகச் சாலை வருமாம். யாரைப் பார்த்தால் நிறுத்தலாம்?” என்று கேட்டார்கள். அவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே நிறுத்தக்கூடிய காலம் கடந்துவிட்டது. போக்குவரத்துத் திட்டமிடலில் வேலை செய்பவன் என்பதால் இதே கேள்வி வீட்டுக்கு வீடு என்னைத் தேடி வருகிறது. பொறுக்கமாட்டாமல்தான் எழுதுகிறேன்.

அந்தப் புல் சாலைக்காக வாங்கிவைத்த நிலம். டாலஸுக்கு வடக்கே உள்ள காலின் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) 2010 கணக்கெடுப்பில் 7,82,341 பேர் இருந்தார்கள். 2020இல் 10,64,465 பேர். இந்த வேகத்தில் வளரும் இடத்தில், பண்ணை நிலமாக இருக்கும்போதே சாலைக்கு இடம் ஒதுக்காவிட்டால் பிறகு வீடுகளை இடித்துத்தான் இடம் தேட வேண்டும். அதனால் கவுண்டி முந்திக்கொள்கிறது. முழு அகலத்துக்கும் நிலத்தைக் கைப்பிடித்து, ஓரத்தில் சர்வீஸ் சாலையை மட்டும் முதலில் போடுகிறது. அங்குள்ள வெளிவட்டச் சாலை இப்படித்தான் துண்டு துண்டாக வளர்கிறது. வண்டிகள் பெருகியதும் பிரதானத் தடங்கள் அந்தப் புல்லின் மேல்தான் வரும். வீடு காட்டிய முகவர் “திறந்தவெளி” என்று சொன்னது அன்றைக்கு உண்மைதான். இருபது ஆண்டுக் கடன் வாங்கும் நீங்கள் அடுத்த இருபது ஆண்டுகளையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டாமா?

எனக்கு எரிச்சலூட்டும் நம்பிக்கை ஒன்று உண்டு. மண் அள்ளும் இயந்திரம் வந்து நின்றால்தான் சாலை முடிவாகிறது என்பது அது. கூட்டாட்சிச் சட்டப்படி 50,000 பேருக்கு மேல் வாழும் ஒவ்வொரு நகரப் பகுதிக்கும் ஒரு பெருநகரத் திட்டமிடல் அமைப்பு இருந்தாக வேண்டும். அது குறைந்தது இருபது ஆண்டுகளுக்கான போக்குவரத்துத் திட்டத்தை வைத்திருக்க வேண்டும். டாலஸ் வட்டாரத்தில் 12 கவுண்டிகளுக்கும் சேர்த்து இந்த வேலை நடக்கிறது. வரைபடத்தில் சாலையின் கோடு முதலில் விழுவது அங்கேதான். பிறகு அது கவுண்டியின், நகரத்தின் பெருஞ்சாலை வரைபடங்களில் ஏறுகிறது. அடுத்து சாத்தியக்கூறு ஆய்வு. அப்போது சாலை போகக்கூடிய வழித்தடங்கள் மூன்று நான்காக இருக்கும், நகர்த்தலாம், வளைக்கலாம். அதன் பிறகு சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, கருத்துக் கேட்புக் கூட்டம், இறுதி ஒப்புதல். அப்புறம் நிலம் வாங்குவது, எரிவாயுக் குழாயையும் மின்கம்பங்களையும் இடம் மாற்றுவது. இயந்திரம் கடைசியில் வருகிறது. ஆய்வுக் கட்டத்தில் நாங்கள் கூட்டம் போட்டால் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. ஒப்புதலுக்குப் பிந்தைய விளக்கக் கூட்டத்தில் நிற்கக்கூட இடமில்லை. முதல் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால் வழித்தடத்தையே சற்றுத் தள்ளி வரைய முடியும். கடைசிக் கூட்டத்தில் ஊரே திரண்டாலும் மரம் நடுவதைப் பற்றித்தான் பேச முடியும்.

காலின் கவுண்டியில் 380ஆம் எண் நெடுஞ்சாலைக்கு மாற்றுத்தடம் தேடியபோது மெக்கின்னி நகரமும் ப்ராஸ்பர் நகரமும் எதிரெதிராக நின்றன. கோடு யார் பக்கம் போவது என்பதுதான் சண்டை. அங்கே குரல் எழுப்பியவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. கோடுகள் பலவாக இருந்தபோதே வந்துவிட்டார்கள்.

“இருக்கிற சாலையை அகலப்படுத்தினால் போதாதா, புது வழித்தடம் எதற்கு?” என்ற கேள்வியும் ஓயாமல் வரும். ஹூஸ்டனின் கேட்டி ஃப்ரீவேயை ஏறத்தாழ 280 கோடி டாலர் செலவில் விரித்து 2008இல் முடித்தார்கள். சில இடங்களில் சர்வீஸ் சாலைகளையும் சேர்த்து 26 தடங்கள். 2011க்கும் 2014க்கும் இடையே மட்டும் நெரிசல் நேரப் பயணம் காலையில் 30 விழுக்காடும் மாலையில் 55 விழுக்காடும் கூடிவிட்டது. இடம் கிடைத்தால் வண்டி வரும், வீடும் வரும். எல்லா வண்டிகளையும் ஒரே சாலையில் கொட்டும் ஊருக்கு எத்தனை தடம் போட்டாலும் காணாது. இதில் நம் பங்கும் இருக்கிறது. குடியிருப்புக்கு ஒரே வாசல் போதும், பக்கத்துத் தெருவோடு இணைக்காதே என்று மனுக் கொடுக்கும் அதே கைதான் பிரதான சாலையின் நெரிசலைப் பற்றியும் புகார் எழுதுகிறது.

இனி வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு. நகரத்தின் பெருஞ்சாலை வரைபடம், கவுண்டியின் பெருஞ்சாலை வரைபடம் இரண்டையும் பாருங்கள். ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லாமல் போகலாம். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பத்திரச் சோதனையில் வில்லங்கம் இல்லை என்று வந்ததை நம்பி இருந்துவிடாதீர்கள். பதிவான உரிமைகளை மட்டுமே அது காட்டும், திட்டத்தில் மட்டும் இருக்கும் கோட்டைக் காட்டாது. வேலிக்கு அப்பால் காரணமில்லாமல் அகன்ற காலியிடம் இருந்தால் அது யாருடையது என்று கேளுங்கள்.

ஒலித்தடுப்புச் சுவர் விஷயம் பலருக்குத் தெரியாது. வீடுகளில் சாலை இரைச்சல் 67 டெசிபலை நெருங்கினால் சுவர் தேவையா என்று ஆராய வேண்டும் என்கிறது கூட்டாட்சி விதி. ஆனால் சாலைக்குச் சுற்றுச்சூழல் ஒப்புதல் கிடைத்த தேதிக்குப் பிறகு கட்டட அனுமதி பெற்ற வீடுகளுக்கு அந்தப் பொறுப்பு நெடுஞ்சாலைத் துறைக்கு இல்லை. உங்கள் நிலத்தில் ஓர் அடிகூட எடுக்காமல் சாலை போனால் இரைச்சலுக்கென்று இழப்பீடும் பொதுவாகக் கிடைக்காது. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்தத் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: ஆய்வு நடக்கும்போதே எழுதுங்கள், தயவுசெய்து வார்ப்புக் கடிதத்தை நகலெடுத்து அனுப்பாதீர்கள். ஒரே வாசகத்தில் நூறு பேர் அனுப்பினாலும் நாங்கள் ஒரே பதில்தான் எழுதுவோம். “பள்ளிப் பேருந்து இந்தத் திருப்பத்தில் பின்னோக்கி எடுக்கிறது”, “மழை பெய்தால் ஓடைத் தண்ணீர் இதுவரை ஏறும்” என்று எழுதும் ஒரு கடிதம் வந்தால் பொறியாளர் வரைபடத்தை மறுபடி விரித்தாக வேண்டும். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் மின்னஞ்சலில் அனுப்பலாம். முகவரியும் கடைசித் தேதியும் அறிவிப்பிலேயே இருக்கும்.