பென்சில் சீவியதை எழுதலாமா சார்?

அனுபவக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. ஒரு கட்டைப் பிரித்தால் பெரும்பாலும் முதல் வரி, 'என் வாழ்வில் மறக்க முடியாத நாள் ஒன்று உண்டென்றால்...' என்றுதான் தொடங்கும். அடுத்த இரண்டு பக்கத்திலும் அந்த நாளைத் தேடிக்கொண்டே போவேன், கிடைக்காது.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தாத்தா இறந்த நாளைப் பற்றி எழுதியிருந்தாள். 'செய்தி கேட்டு இடிந்துபோனேன். உலகமே இருண்டது.' பிழை ஒன்றுகூட இல்லை. படித்த எனக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை.

“போன் வந்தப்போ என்ன பண்ணிட்டிருந்தே?”

“பென்சில் சீவிட்டிருந்தேன் சார். அம்மா பேசி முடிச்சப்புறமும் சீவிட்டே இருந்தேன். பார்த்தா முக்கால்வாசி பென்சில் தீர்ந்துபோச்சு.”

அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டால், “அதையெல்லாம் கட்டுரையில எழுதலாமா சார்?” என்கிறாள். இந்தச் சந்தேகத்தை விதைத்தது எங்களைப் போன்றவர்கள்தான். 'உலகமே இருண்டது'க்கு மதிப்பெண் போட்டே பழக்கிவிட்டோம்.

அவளை எழுதச் சொன்னது அந்தப் பென்சிலைத்தான். தாத்தாவின் எழுபது வருட வாழ்க்கை வேண்டாம், அந்தப் பத்து நிமிடம் போதும். அனுபவக் கட்டுரையில் கடிகாரம் நம் கையில் இருக்கிறது. 'மூன்று வருடம் கழித்து' என்று ஒரே வரியில் தாண்டலாம், ஒரு போன் அழைப்புக்கு அரைப் பக்கம் கொடுக்கலாம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காலையில் எழுந்தது, குளித்தது, கிளம்பியது எல்லாம் விரிவாக வரும். முக்கியமான இடம் வந்ததும் ஓட்டம் பிடிப்பார்கள்.

தமிழில் எழுதும்போது இன்னொரு தொல்லையும் உண்டு. எழுந்தேன், பார்த்தேன், அழுதேன், நின்றேன் என்று எல்லா வாக்கியமும் ஒரே ஓசையில் முடியும். வாய்விட்டுப் படித்தால் தாளம் தட்டுவதுபோல் கேட்கும். இரண்டு வாக்கியத்தை வினையெச்சத்தால் கோத்துவிடுங்கள், நடுவே யாரையாவது பேச விடுங்கள். பேச்சு, பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். 'மகளே, தொலைபேசியை எடு' என்று எந்த அம்மாவும் சொல்வதில்லை.

பழைய உரையாடல் சொல்லுக்குச் சொல் யாருக்கு நினைவிருக்கும்? நினைவில் உள்ளதை வைத்து எழுதலாம், தப்பில்லை. நடக்காத சம்பவத்தை நுழைப்பதுதான் தப்பு. சோகம் போதவில்லையென்று ஒரு விபத்தைச் சேர்த்த கட்டுரையும் என்னிடம் வந்திருக்கிறது.

சரி, இதற்கும் சிறுகதைக்கும் என்ன வித்தியாசம்? இதில் இரண்டு 'நான்' உண்டு. அன்று பென்சில் சீவிய நான் ஒன்று, இன்று அதைத் திரும்பிப் பார்க்கிற நான் ஒன்று. இரண்டாவது நான் வாயே திறக்காவிட்டால் வெறும் சம்பவம்தான் மிஞ்சும். அதிகம் பேசினால் உபதேசமாகிவிடும்.

அவளுக்கும் கடைசிப் பத்தியில்தான் அந்தச் சிக்கல். 'இதிலிருந்து நான் கற்ற பாடம்' என்று ஆறு வரி. அடித்துவிட்டேன். முகம் வாடிப்போய், ஒரு வரியாவது வேண்டும் என்றாள். சரி, எழுதிக் கொண்டுவா என்றேன். மறுநாள் கொண்டுவந்தாள்: 'இப்போதும் பென்சில் சீவும்போது, நடுவில் நிறுத்தி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பேன்.'

அதில் நான் கை வைக்கவில்லை.