ஒரு சதுர அட்டை கண்ணில் எப்படித் தங்குகிறது?

கருப்பு டி-ஷர்ட்டின் நடுவில் வெள்ளைக் கோடுகள் அடுக்கடுக்காக எழும்பி அடங்கும் ஒரு படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தருமபுரி பேருந்து நிலையத்துப் பக்கம் துணிக்கடை வாசலில் அது தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். கல்லூரிப் பையன்கள் போட்டுக்கொண்டு போகிறார்கள். அது ஓர் இசைத்தட்டின் அட்டைப்படம் என்று அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜாய் டிவிஷன் என்ற குழு 1979இல் வெளியிட்ட முதல் ஆல்பம் 'அன்னோன் பிளஷர்ஸ்'. அதன் அட்டைதான் அது. முன்பக்கத்தில் குழுவின் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. அப்படியிருந்தும் ஒரு பாட்டுகூடக் கேட்காதவர்கள் மனதில் அந்தப் படம் உட்கார்ந்துவிட்டது. ஆல்பம் அட்டைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அது ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதற்குப் பாதி விடை வானத்தில் இருக்கிறது, மீதி நம் கண்ணில்.

முதலில் வானம். 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல், ரேடியோ தொலைநோக்கியின் காகிதப் பதிவுகளை அடி அடியாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது வழக்கத்துக்கு மாறான ஒரு சிறு கிறுக்கலைக் கவனித்தார். விடாமல் பின்தொடர்ந்து பார்த்ததில், 1.337 விநாடிக்கு ஒருமுறை பிசகாமல் வரும் துடிப்பு அது என்று தெரிந்தது. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பல்சார் அதுதான். பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்தபின் அதன் நடுப்பகுதி நொறுங்கிச் சுருங்கி, சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையாகிவிடும். அவ்வளவு சிறிய உருண்டைக்குள் சூரியனைவிட அதிகமான நிறை அடங்கியிருக்கும். அது சுழலும்போது அதன் காந்தத் துருவங்களிலிருந்து கிளம்பும் ரேடியோ கற்றையும் கூடவே சுற்றுகிறது. கற்றை பூமியைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு முறையும் நமக்கு ஒரு துடிப்பு கிடைக்கிறது. (நம் ஊட்டியில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியும் பல்சார்களைக் கவனித்து வருவதுதான்.)

ஹரோல்ட் கிராஃப்ட் என்ற மாணவர் 1970இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடு சமர்ப்பித்தார். போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியில் இதே பல்சாரின் 80 துடிப்புகளைப் பதிவு செய்து, ஒவ்வொன்றையும் ஒரு கோடாக, ஒன்றின் கீழ் ஒன்றாகக் கணினியால் வரையவைத்தார். எல்லாத் துடிப்பும் சரியான நேரத்துக்கு வருகின்றன, ஆனால் ஒன்றின் வடிவம் இன்னொன்றுக்கு இல்லை. ஒன்றில் இரண்டு கூம்பு, அடுத்ததில் ஒன்று, அதற்கடுத்ததில் மூன்று. அந்த மாற்றத்தில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் இந்த அடுக்கு. அட்டையில் மேலிருந்து கீழாக நாம் பார்ப்பது அந்த நட்சத்திரத்தின் ஒரு நிமிடம் 47 விநாடி வாழ்க்கை.

இதில் கிராஃப்ட் செய்த ஒரு காரியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பாமலிருக்க, கீழ்க்கோட்டின் கூம்பு எங்கே உயர்கிறதோ அங்கே மேல்கோட்டை வரையாமல் விடும்படி நிரல் எழுதினார். படம் தெளிவாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் நோக்கம். ஆனால் நம் மூளை அதை வேறு விதமாக எடுத்துக்கொள்கிறது. ஒன்று இன்னொன்றை மறைத்தால், மறைப்பது பக்கத்தில் இருக்கிறது, மறைபடுவது பின்னால் இருக்கிறது. ஆழத்தை அறிய மூளை கையாளும் வழிகளிலேயே உறுதியானது இது. இதற்கு ஒரு கண் போதும், நிழலோ நிறமோ வேண்டாம். தொப்பூர் கணவாயில் விடியற்காலையில் ஒரு முகட்டுக்குப் பின்னால் இன்னொரு முகடு, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று தெரிவதைப் போலவே இந்த வரைபடமும் மலைத்தொடராகத் தெரிகிறது. வெறும் கோடுதான் என்று அறிவு சொன்னாலும் கண் கேட்பதில்லை. ஒரு தட்டையான அட்டைக்குள் ஓர் இடம் திறந்துவிடுகிறது.

அப்புறம் நிறம். மூலப்படம் வெள்ளைத் தாளில் கருப்புக் கோடாக இருந்தது. குழுவினர் அதை ஒரு வானியல் கலைக்களஞ்சியத்திலிருந்து எடுத்துக் கொடுக்க, அட்டையை வடிவமைத்த பீட்டர் சாவில் அதன் நிறங்களைத் தலைகீழாக்கினார். கருப்பு வெளி, நடுவில் சின்னதாக வெள்ளைக் கோடுகள், சுற்றிலும் நிறையக் காலியிடம். விழித்திரையில் இருக்கும் நரம்பணுக்கள் ஒரே சீரான வெளிச்சத்துக்கோ ஒரே சீரான இருட்டுக்கோ பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. ஓர் இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்குத்தான் துடிக்கின்றன. மூளையின் பார்வைப் புறணிக்குப் போனால், அங்குள்ள அணுக்கள் குறிப்பிட்ட சாய்வில் இருக்கும் விளிம்புகளுக்கும் கோடுகளுக்கும் எதிர்வினை செய்கின்றன. டேவிட் ஹ்யூபலும் டார்ஸ்டன் வீசலும் 1959இல் பூனைகளை வைத்துக் கண்டது இது. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சாவிலின் அட்டையில் கோடுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த அணுக்களுக்கு எது பிடிக்குமோ அதை மட்டும் பரிமாறியிருக்கிறார்.

இது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூருக்குப் பக்கத்திலுள்ள மல்லப்பாடியில், பாறையில் வெள்ளை நிறத்தில் தீட்டிய பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. குதிரைமேல் ஆட்கள். அங்கே கண், மூக்கு என்று தேட வேண்டியதில்லை. பாறையின் நிறத்துக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடும் ஓர் உருவரையும் (வெளிக்கோடு)தான் எல்லாம். ஆனாலும் அது குதிரை என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

சரி, அட்டையின் அளவுக்கு வருவோம். இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, எனக்கோ இதுதான் விஷயத்தின் நடு. நம் கண்ணில் கூர்மையாகப் பார்க்கும் இடம் மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ அந்த அகலம்தான், சுமார் 2 பாகை (டிகிரி). அதற்கு வெளியே இருப்பதெல்லாம் மங்கல். விநாடிக்கு மூன்று முறை போலக் கண் தாவித் தாவி ஊன்றுவதால் முழுப் படத்தையும் பார்ப்பதாக நமக்குத் தோன்றுகிறது. இப்போது கணக்குப் போடுவோம். எல்.பி. தட்டின் அட்டை பக்கத்துக்கு 31 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அதை 60 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் 29 பாகை வருகிறது. கண் ஊன்றக்கூடிய துண்டுகளாகப் பிரித்தால் ஏறக்குறைய 200. கேசட்டின் முகப்பு சுமார் 10க்கு 6.5 சென்டிமீட்டர். 40 சென்டிமீட்டரில் பிடித்தால் முப்பதிலிருந்து நாற்பது துண்டு. கைபேசியின் பாடல் பட்டியலில் வரும் சதுரம் ஒரு சென்டிமீட்டர் இருக்கும். 30 சென்டிமீட்டரில் அது ஏறத்தாழ 2 பாகைதான். ஒரே துண்டு. கண் எங்கும் போக வேண்டியதில்லை.

இதனால் என்ன? ஜெஃப்ரி லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1972இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. படங்களைக் காட்டி, கண் எங்கெங்கே ஊன்றுகிறது என்று அளந்து, பிறகு நினைவைச் சோதித்தார். எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைவிட எத்தனை இடத்தில் கண் ஊன்றியது என்பதே நினைவைத் தீர்மானித்தது. பெரிய அட்டை கண்ணை நடக்கவிட்டது. எல்.பி.யின் ஒரு பக்கம் ஓடி முடிய இருபது நிமிடம் போல ஆகும், அதுவரை கையில் இருப்பது அட்டைதான். கேட்பதையும் பார்ப்பதையும் ஒன்றாக முடிந்துவைப்பது மூளையின் ஹிப்போகாம்பஸ் செய்யும் வேலை. அது நிதானமாக நடக்க அப்போது நேரம் இருந்தது. பிறகு எப்போதாவது பாட்டின் முதல் இழை காதில் விழுந்தாலே அட்டை கண்முன் வந்து நிற்பதற்குக் காரணம் இந்த முடிச்சு.

அட்டையில் படம் போடலாம் என்ற யோசனையே கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. முன்பெல்லாம் தட்டுகள் பழுப்பு உறைகளில் வந்தன. கொலம்பியா நிறுவனத்தில் வேலை பார்த்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர்தான் 1940 வாக்கில் படம் வரைந்த அட்டைகளை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

நம் சினிமாத் தட்டுகளில் அட்டை பெரும்பாலும் படத்தின் சுவரொட்டியைச் சுருக்கியதாகவே இருந்தது: கதாநாயகன் முகம், கதாநாயகி முகம், ஓரத்தில் இசையமைப்பாளர். முகத்தைப் போடுவதில் தப்பில்லை. முகங்களுக்கென்றே மூளையில் தனியாக ஒரு பகுதி சுறுசுறுப்பாகிறது என்று நான்சி கான்விஷர் 1997இல் காட்டினார். 2011இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த ஆய்விலும், மனிதர்கள் இருக்கும் படங்கள் அதிகம் நினைவில் நின்றன. வெறும் இயற்கைக் காட்சிகள் எளிதில் மறந்துபோயின. அழகாக இருப்பதும் நினைவில் நிற்பதும் ஒன்றல்ல என்பதை அங்கே அளந்தே காட்டிவிட்டார்கள். ஒகேனக்கல் அருவியை மட்டும் அட்டையில் போட்டால் எல்லாரும் ரசிப்பார்கள், அடுத்த மாதம் கேட்டால் எந்த ஆல்பம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் முகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தருமபுரியில் கேசட் கடைச் சுவர் முழுக்க முகங்களாக இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அதே நடிகர், அதே சிரிப்பு, சட்டை மட்டும் வேறு. ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஹெட்விக் வான் ரெஸ்டார்ஃப் 1933இலேயே காட்டிய விஷயம் இது: ஒரே மாதிரியானவற்றின் நடுவே மாறுபட்ட ஒன்றுதான் நினைவில் தனித்து நிற்கும். ஆகவே ஓர் அட்டை மறக்க முடியாததா என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. சுவரில் முகம் காட்டியவை போக, மற்ற கேசட்டுகள் முதுகு மட்டும் தெரியும்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. எனக்குப் பல ஆல்பங்களின் முகப்பைவிட, முதுகில் இருந்த எழுத்தின் நிறம்தான் இன்னும் நினைவிருக்கிறது. விரும்பிய பாடல்களை எழுதிக்கொடுத்து வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்கியவர்களுக்கோ கடைக்காரரின் கையெழுத்துதான் அட்டை.

பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமலே மனதில் வரவழைப்பது வேறு. லயனல் ஸ்டாண்டிங் 1973இல் வெளியிட்ட ஆய்வில் மனிதர்களுக்கு 10,000 படங்களைக் காட்டினார்கள். பிறகு சோதித்தபோது, பார்த்த படம் எது, பார்க்காதது எது என்று 83 சதவீதம் போலச் சரியாகச் சொன்னார்கள். அடையாளம் காண்பதில் நாம் அவ்வளவு கெட்டி. அதே சமயம், தினமும் கையில் புழங்கும் நாணயத்தின் முகப்பை வரையச் சொன்னால் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள் என்று 1979இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. எனவே ஓர் அட்டைக்கு நான் வைக்கும் சோதனை, வரையத் தெரியாதவர் அதைப் பார்க்காமல் கிறுக்கிக் காட்ட முடிகிறதா என்பதுதான்.

அதில் முழு மதிப்பெண் வாங்குவது பிங்க் ஃபிளாய்டின் 1973ஆம் ஆண்டு ஆல்பமான 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்'. கருப்புப் பின்னணி, ஒரு முக்கோணம், இடப்பக்கம் வெள்ளைக் கீற்று, வலப்பக்கம் வானவில். ஹிப்னோசிஸ் என்ற வடிவமைப்புக் குழுவுக்காக ஜார்ஜ் ஹார்டி வரைந்தது. பத்தாம் வகுப்பு மாணவர் யாரும் அதை வரைந்துவிடுவார். கண்ணாடியில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் அளவு வளைகிறது. சிவப்பு குறைவாக, ஊதா அதிகமாக. அட்டையில் சிவப்பு மேலும் ஊதா கீழும் இருப்பது சரிதான். ஆனால் எண்ணிப் பாருங்கள், ஆறு நிறம்தான். கருநீலம் இல்லை. படம் இன்னும் தெளிவாகப் பிரிந்து தெரிவதற்கு அந்த விடுபடல் உதவுகிறது என்றே நினைக்கிறேன்.

இத்தனையும் சொன்னபின் 'சார்ஜென்ட் பெப்பர்' அட்டையைக் காட்டி யாராவது மறுக்கலாம். பீட்டில்ஸின் 1967 ஆல்பம், பீட்டர் பிளேக்கும் ஜான் ஹாவர்த்தும் உருவாக்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட முகங்கள், பரமஹம்ச யோகானந்தர் உட்பட. காந்தியும் இருந்தார், இந்தியாவில் எதிர்ப்பு வரும் என்று நிறுவனம் பயந்ததால் எடுத்துவிட்டார்கள். அவ்வளவு கூட்டத்திலும் அது மறக்காததற்குக் காரணம், நடுவில் பளபளக்கும் நான்கு உடுப்புகள். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த நான்கு நிறப் பட்டைகளும் கீழே ஒரு முரசும்தான் தெரியும். கிட்டே போனால் கண் ஒரு மணி நேரம் நடக்கலாம். ஒரு சென்டிமீட்டரிலும் நிற்கிறது, முப்பது சென்டிமீட்டரிலும் சலிக்கவில்லை. அப்படி இரண்டையும் செய்கிற அட்டைகள் அபூர்வம்.

நம் மாவட்டங்களின் தெருக்கூத்துக் குழுக்களின் பாட்டுகள் இப்போது யூடியூபில் ஏறிக்கொண்டிருக்கின்றன. முகப்புப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. எட்டு முகம், அழைத்தவர் பெயர், ஊர்ப் பெயர், கைபேசி எண், மஞ்சளில் ஒன்று சிவப்பில் ஒன்றாக எழுத்து. இரண்டு பாகைக்குள் இதில் எதுவும் தேறாது. கட்டை வேடம் (மரத்தாலான அணிகலன்கள் பூணும் வேடம்) கட்டிய துரியோதனனின் கிரீடத்துக்கும் தோளில் அணியும் புஜக்கீர்த்திக்கும் உள்ள உருவரை வேறு எந்தக் கலைக்கும் கிடையாது. கருப்புத் திரைக்கு முன்னால் அந்த ஓர் ஆளை மட்டும் நிறுத்தி, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரே ஒரு படம் எடுத்து, சுற்றிலும் காலியாக விட்டுப் பாருங்கள். பெயர்களைக் கீழே விவரத்தில் எழுதிக்கொள்ளலாம்.