தையலுக்குள் அடைபட்ட காற்று

அடைகாக்கும் கழுகின் முதுகில் விழுந்த பனி உருகுவதில்லை. அதன் உடம்பு ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. மேலே கிடப்பது உறைபனி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது இறகுப் படை மட்டும். உள்ளிருக்கும் சூடு வெளியே கசிந்தால் அந்தப் பனி கரைந்து வழிந்திருக்கும். கரையாமல் கிடக்கிறதென்றால் சூடு உள்ளேயே நிற்கிறது என்றுதான் அர்த்தம்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டெகோரா என்ற ஊரில் வெண்தலைக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. ராப்டர் ரிசோர்ஸ் புரொஜெக்ட் என்ற அமைப்பு அங்கே கமரா பொருத்திப் பல வருடங்களாக நேரலையாகக் காட்டி வருகிறது. வெள்ளவத்தையில் இருக்கும் என் பெரியம்மா மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் குயில்ட் என்ற மெத்தைப் போர்வை தைக்க உட்காருவார். துணி மடியில், டெப்லெட் தையல் மெசினில் சாய்ந்தபடி, தலைக்கு மேலே மின்விசிறி. கொழும்பில் பிற்பகல் இரண்டு மணி என்றால் பெப்ரவரி மாத அயோவாவில் அதிகாலை இரண்டரை. அதனால் அவர் பார்ப்பது பெரும்பாலும் இரவுக் கழுகைத்தான்.

“முதுகில பனி அப்பிடியே கிடக்குது பிள்ளை. அதுக்குக் குளிராதோ?” என்று கேட்டார். அவர் தைத்துக்கொண்டிருந்த குயில்ட்டை வைத்தே அதற்குப் பதில் சொல்லலாம்.

கொழும்பில் யாரும் குயில்ட் போர்த்திக்கொண்டு படுப்பதில்லை. பெரியம்மா தைப்பவை ரொறன்ரோவில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குப் போகின்றன. மேலே ஒட்டுத்துணி, நடுவே வாடிங் என்ற பஞ்சுப் படை, அடியில் ஒரு முழுத்துணி என்று மூன்று படைகள். மேல்துணிக்கான துண்டுகள் புறக்கோட்டையில் வாங்கிய, ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சிய வெட்டுத் துண்டுகள். பார்ப்பவர் கண் அந்த மேல்துணியில்தான் நிற்கும். குளிரை மறிப்பது நடுவிலுள்ள வாடிங். அதிலும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது நாருக்கு நார் இடையில் சிறைப்பட்டிருக்கும் காற்று.

அசையாத காற்று சூட்டை மிக மெதுவாகவே கடத்தும். தண்ணீர் அதைவிட இருபது மடங்குக்கும் மேலாகக் கடத்தும். ஆனால் காற்றைச் சும்மா விட்டால் அது அசையாமல் இருப்பதில்லை. உடம்பை ஒட்டியுள்ள காற்று சூடாகி மேலே எழும், அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று இறங்கும், இந்தச் சுழற்சியே சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். இடைவெளி ஓரிரு சென்ரிமீற்றரைத் தாண்டினாலே சுழற்சி தொடங்கிவிடலாம். இடத்தைப் பொடிப்பொடி அறைகளாகப் பிரித்துவிட்டால் காற்றுக்குச் சுழல இடமிருக்காது. பஞ்சு, கம்பளி, பறவையின் இறகு எல்லாம் காற்றை இப்படிப் பிடித்து வைப்பவைதான்.

கழுகின் வெளி இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்று உள்ளே புகாமல் தடுக்கின்றன. அவற்றுக்குக் கீழே கிடக்கும் தூவி இறகுகளில் நுண்ணிய கிளைகள் எல்லாத் திசையிலும் பிரிந்து காற்றைப் பிடித்து வைக்கின்றன. குளிர் கூடினால் பறவை இறகைச் சிலிர்த்து அந்தக் காற்றுப் படையைத் தடிப்பாக்கிக்கொள்ளும். இரவுக் கமராவில் கழுகு உருண்டு திரண்டு தெரிவது அதனால்தான்.

குயில்ட்டில் தையல் செய்யும் வேலையும் இதோடு சேர்ந்ததே. மூன்று படைகளையும் ஊடுருவித் தைக்காவிட்டால் இரண்டு கழுவலில் வாடிங் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும், மற்ற இடம் வெறும் துணியாகும். தைத்தாலோ ஊசி போகும் கோடு நெடுக வாடிங் அமுங்கும், அந்தக் கோட்டில் காற்று குறையும், சூடு அந்த வழியாகத் தப்பும். நெருக்கித் தைத்த குயில்ட் பார்வைக்கு அழகு, ஆனால் தட்டை. எட்டத் தைத்தது பொசுபொசுவென்று இருக்கும், ஆனால் வாடிங் நழுவும். எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் போடவேண்டும் என்று வாடிங் பொதியிலேயே அச்சிட்டிருப்பார்கள். வகையைப் பொறுத்து 4 அங்குலத்திலிருந்து 10 அங்குலம் வரை அது மாறும்.

கைத்தையலில் பெரியம்மா நூலைத் தொடங்கும் விதத்தைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். நூல் நுனியில் சின்ன முடிச்சு ஒன்று போடுவார். தையல் தொடங்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஊசியைக் குத்தி, வாடிங்குக்குள்ளாக ஓட்டி, வேண்டிய இடத்தில் மேலே எடுப்பார். பிறகு நூலைச் சட்டென்று ஒரு சுண்டு. டப் என்ற மெல்லிய சத்தத்தோடு முடிச்சு மேல்துணியைத் துளைத்து உள்ளே போய் நார்களுக்குள் சிக்கிக்கொள்ளும். வெளியே முடிச்சே தெரியாது. அதை அங்கே பிடித்து நிறுத்துவது நார்களின் உராய்வு.

அதே உராய்வை நம்பிக் கூடு தைக்கும் பறவை ஒன்று கொழும்பு வளவுகளில் எங்கும் உண்டு. தையல்சிட்டு. செம்பழுப்பு உச்சந்தலை, இளம்பச்சை முதுகு, நிமிர்ந்த வால், உடம்பின் அளவுக்குப் பொருந்தாத பெரிய குரல். எடை பத்துக் கிராமைத் தாண்டாது. சிங்களத்தில் பட்டிச்சா என்பார்கள். வேலியோரச் செடி, கொய்யா, மாடியில் வைத்த பூச்சாடி, எதுவும் அதற்குப் போதும். இலங்கையில் இது ஆண்டு முழுவதும் கூடு கட்டக்கூடியது. மார்ச் முதல் மே வரையும், ஓகஸ்ட், செப்டெம்பரிலும் அதிகம்.

இந்தச் சிட்டு அறிவியல் உலகுக்கு அறிமுகமானதே இலங்கை வழியாகத்தான் என்பதில் எனக்குத் தனிச் சந்தோசம். 1752 முதல் 1757 வரை இங்கே ஒல்லாந்த ஆளுநராக இருந்த ஜொவான் கிடியோன் லோட்டன் பறவைகளையும் விலங்குகளையும் ஓவியங்களாக வரைவித்துச் சேர்த்தார். வரைந்தவர் இலங்கையிலேயே பிறந்த பீற்றர் கொர்னேலிஸ் டி பெவெர். அந்தச் சேகரிப்பைப் பயன்படுத்தித்தான் வேல்ஸ் நாட்டு இயற்கையியலாளர் தோமஸ் பெனன்ற் 1769இல் தையல்சிட்டை விவரித்துப் பெயரிட்டார்.

தைப்பது பெண் சிட்டு. பெரிய இலையொன்றைத் தெரிந்து, அதன் இரண்டு ஓரங்களையும் கிட்ட இழுக்கும். சில வேளை இரண்டு மூன்று இலைகளைச் சேர்க்கும். நீண்டு கூர்ந்த அலகால் ஓரத்தில் ஊசித்துளை அளவுக்கு ஓட்டை போட்டு, அதற்குள்ளால் சிலந்தி நூலையோ பஞ்சு நாரையோ இழுத்து மறு ஓரத்தில் செருகும். முடிச்சுப் போடுகிறது என்று முன்பு எழுதியவர்கள் உண்டு. சிட்டு முடிச்சுப் போடுவதில்லை. இலங்கையில் கிடைத்த கூடுகளை ஆராய்ந்த பறவையியலாளர் கேசி வூட், அதன் வேலையைத் தைத்தல், ரிவெட் அடித்தல், கோத்தல், நார்களை ஒன்றோடொன்று பின்னிப் பாயாக்குதல் என்று பிரித்துச் சொன்னார். பெரும்பாலான ‘தையல்கள்’ உண்மையில் ரிவெட்டுகள். ஜீன்ஸ் பொக்கற் மூலையில் அடிக்கும் செப்பு ரிவெட்டில் இரண்டு பக்கமும் தலை விரிந்திருக்குமே, அந்த முறைதான். துளையைத் தாண்டி வெளியே வந்த நார் பிரிந்து, கடுகளவு வெள்ளைக் குஞ்சமாக உப்பி நிற்கும். அந்தக் குஞ்சம் துளை வழியே திரும்பப் போகமுடியாது.

இதில் ஒரு வசதி இருக்கிறது. பெரியம்மாவின் ஓட்டுத்தையலில் நூல் ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரத் தொடங்கும். ரிவெட்டுகளில் ஒன்று போனால் அந்த ஒன்றுதான் போகும். கடற்காற்று இலையை நாள் முழுவதும் பிடித்து உலுப்பினாலும் மற்றவை நிற்கும். சிலந்தி நூலுக்கு இழுபடும் குணமும் உண்டு. இலை வளைந்தால் அறுந்துபோகாமல் அதுவும் கூடவே நீளும்.

துளைகள் மிகச் சிறியவை என்பதால் இலை வாடுவதில்லை. பச்சையாகவே இருந்து கூட்டை மறைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய பயன் வேறொன்று என்று நினைக்கிறேன். உயிருள்ள இலை தன் துவாரங்களால் நீரை ஆவியாக வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். அதனால் காய்ந்த இலை அளவுக்கு வெயிலில் சூடேறாது. முட்டைக்குள் கரு வளர 37, 38 பாகை அளவு வேண்டும். 40ஐத் தாண்டி நீடித்தால் அதன் உயிருக்கே ஆபத்து. கொழும்பின் பகல் வெப்பம் 30, 31 பாகை. இங்கே குளிரும் பயம், வேகும் பயம் இரண்டும் முட்டைக்கு உண்டு.

பொருளிலிருந்து சூடு வெளியேறும் வேகம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. கொழும்புச் சிட்டுக்கு அந்த வித்தியாசம் ஏழெட்டுப் பாகை. அயோவாவின் பெப்ரவரி இரவில் வெளியே -10 பாகை என்றால் கழுகுக்கு அது ஐம்பதை நெருங்கும். அப்படியானால் சிட்டுக்கு மெத்தையே தேவையில்லை என்று தோன்றும். ஆனால் அதன் முட்டை ஏறக்குறைய ஒரு கிராம், கழுகின் முட்டை நூறு கிராமுக்கு மேல். சின்னப் பொருளுக்கு எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம். தாய் இரை தேடிப் பறந்த சில நிமிடங்களிலேயே அந்தச் சின்ன முட்டை ஆறத் தொடங்கிவிடும்.

மழை வேறு இருக்கிறது. கொழும்பில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். நனைந்த பஞ்சில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். சூடும் இருபது மடங்கு வேகத்தில் ஓடும். இங்கேதான் சிட்டின் தெரிவு என்னை அசத்துகிறது. கேசி வூட் பார்த்த ஒரு கூட்டின் உள்மெத்தையில் இலவம்பஞ்சு இருந்தது. நாங்கள் தலையணைக்குள் அடைக்கிற அதே பஞ்சு. இலவம் நார் ஒவ்வொன்றும் உள்ளே வெறுமையான குழாய். சுவர் மிக மெல்லியது, மிச்சம் முழுவதும் காற்று. வெளிப்புறத்தில் இயற்கையான மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளை முன்பு இலவம்பஞ்சால் நிரப்பியது இந்தக் குணத்துக்காகவே. பருத்தி தண்ணீரை உறிஞ்சும், இலவம் உறிஞ்சாது.

இறகு சூட்டை மறிக்கிறதென்றால் தாயின் வயிற்றுச் சூடு முட்டைக்கு எப்படிப் போய்ச் சேரும்? அடைகாக்கும் காலத்தில் பறவையின் வயிற்றில் ஓரிடத்தில் இறகு உதிர்ந்து தோல் வெளியே தெரியும். அந்தத் தோலில் இரத்தக் குழாய்கள் பெருகிச் சூடாகும். நேரலை பார்ப்பவர்கள் கவனித்திருப்பார்கள்: கழுகு முட்டைமேல் இறங்கியதும் உடம்பை இடமும் வலமுமாக ஆட்டி ஆட்டி அமரும். இறகுகளை விலக்கி, வெறுந்தோல் முட்டையில் படும்படி சரிசெய்வதுதான் அது. அயோவாவில் இப்படியே ஏறக்குறைய 35 நாள். இங்கே தையல்சிட்டுக்குப் பன்னிரண்டு நாள் மட்டில்.

இருட்டில் இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்பது பெரியம்மாவின் அடுத்த கேள்வி. கூட்டுக்கு மேலே அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன. அவற்றின் ஒளி பெரும்பாலும் 850 அல்லது 940 நனோமீற்றர் அலைநீளத்தில் இருக்கும். எங்கள் கண் ஏறக்குறைய 700 வரைதான் பார்க்கும், பறவையின் கண்ணும் அந்தப் பக்கம் அதற்குமேல் போவதில்லை. கமராவின் சிலிக்கன் உணரி 1,000 வரை பார்க்கும். பகலில் இந்த ஒளி நிறங்களைக் கெடுக்காதபடி உணரிக்கு முன்னால் ஒரு வடிகட்டி நிற்கும். இருட்டியதும் அது விலகும். அகச்சிவப்பு ஒளி உணரியின் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் மூன்றுக்குள்ளும் ஏறக்குறைய ஒரேமாதிரிப் புகுவதால் நிறம் பிரித்தறிய வழியில்லை. படம் கறுப்பு வெள்ளையாகும். தொலைக்காட்சி ரிமோட்டின் நுனியைத் தொலைபேசிக் கமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், பல கமராக்களில் ஊதா வெளிச்சம் ஒன்று மினுங்கும். அதுவும் அகச்சிவப்புத்தான்.

இரவுப் படத்தில் வெள்ளையாகத் தெரிவதைச் சூடு என்று நினைக்கக்கூடாது. அது விளக்கொளியைத் திருப்பி அனுப்பும் அளவு மட்டுமே. சூட்டைப் படம் பிடிக்கும் கமரா வேறு வகை. அது 8,000 நனோமீற்றருக்கும் அப்பால் உள்ள கதிர்களைப் பார்க்கும். அதைக் கழுகின் பக்கம் திருப்பினால் கண்ணும் முகமும் பிரகாசிக்கும், முதுகோ சுற்றியுள்ள பனியை அண்டிய மங்கலில் கிடக்கும். பெரியம்மா கேட்ட கேள்விக்கு அந்தப் படம் ஒன்றே போதுமான விடை.

தைப்பவர்களிடம் கட்டாயம் சொல்லவேண்டிய ஒன்று. கூட்டுக்கு உதவும் என்று மிஞ்சிய நூலை மாடி விளிம்பில் போட்டு வைக்கிற பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து போடாதீர்கள். நீளமான நூல் குஞ்சின் காலில் சுற்றி இறுகினால் கால் வீங்கி அழுகும். பொலியெஸ்டர் உக்குவதும் இல்லை, அறுவதும் இல்லை. வாடிங் துணுக்குகளும் வேண்டாம். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் வெடித்த இலவங்காய் ஒன்றைக் கிளையில் செருகி வையுங்கள், வேண்டிய அளவைச் சிட்டு தானே பிய்த்துக்கொள்ளும். கூடு கண்ணில் பட்டுவிட்டால் இலையை விலக்கிப் பார்க்கவோ தொலைபேசியைக் கிட்டப் பிடிக்கவோ வேண்டாம். சில மீற்றர் தள்ளி யன்னலுக்குப் பின்னால் இருந்து பாருங்கள். கட்டிக்கொண்டிருக்கும் கூட்டுக்குத் தொந்தரவு வந்தால் சிட்டு அதைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடக்கூடும்.