கார்ட்டிகோஸ்டிரோன்: எலி உடம்பின் புறணி இயக்குநீர்

ரத்தப் பரிசோதனைத் தாளில் 'கார்ட்டிசால், காலை 8 மணி' என்று அச்சாகி வருவதைத் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பலர் பார்த்திருப்பார்கள். கார்ட்டிசால் ஒரு ஹார்மோன். அதன் உடன்பிறப்புதான் கார்ட்டிகோஸ்டிரோன். எலிக்கும் சுண்டெலிக்கும் இதுதான் முதன்மை. கார்ட்டிசால் செய்யத் தேவையான ஒரு நொதி அவற்றின் சுரப்பியில் வேலை செய்வதில்லை. எலி ஆய்வைப் பற்றிய தமிழ்ச் செய்தியில் 'கார்ட்டிசால்' என்று இருந்தால் பெரும்பாலும் அது பிழை.

பெயரின் வேர் 'கார்ட்டெக்ஸ்' என்ற லத்தீன் சொல். பொருள் மரப்பட்டை. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதியில் சுரப்பதால் இந்தப் பெயர். பட்டைக்குத் தமிழில் புறணி என்றும் பெயர் உண்டு. நம் பக்கம் 'புறணி பேசாதே' என்பார்களே, அதிலும் இருப்பது அதே 'புறம்'தான். ஹார்மோன் என்ற சொல்லை 1905-இல் ஆங்கில உடலியலாளர் ஸ்டார்லிங் வழக்கில் விட்டார். 'இயக்கிவிடு' என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து வந்தது. இயக்குநீர் என்பது அதற்கு நேரான தமிழ். ஆக, இந்த வகைக்குப் புறணி இயக்குநீர் என்பதே என் பரிந்துரை.

'மனஅழுத்த ஹார்மோன்' என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. மனஅழுத்தம் என்பதை மனச்சோர்வு நோய்க்கும் எழுதுகிறோம். குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. அதோடு, எந்தத் தொல்லையும் இல்லாத எலிக்கும் இது தினமும் ஏறி இறங்கும். எலி இரவில் நடமாடும் பிராணி, அதனால் உச்சம் மாலையில். மனிதனுக்குக் காலையில். உடம்பு வேலைக்கு எழும் நேரத்தில் எரிபொருளைத் திரட்டித் தருவதே இதன் அன்றாடப் பணி. நெருக்கடி வந்தால் கூடுதலாகச் சுரக்கும், அவ்வளவுதான்.

இதன் கட்டுப்பாட்டைக் காவிரிக்காரர்களுக்குச் சொல்வது எளிது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பிரிந்து, மதகு மதகாகக் கடைமடைக்குப் போகிறது. கடைமடை நிறைந்த சேதி மேலே போனால்தான் ஷட்டரை இறக்குவார்கள். உடம்பில் மூளைக்குள் ஹைப்போதலாமஸ், மூளையின் அடியில் பிட்யூட்டரி சுரப்பி, பிறகு அட்ரினல் என்று மூன்று மதகுகள். கடைசியில் சுரக்கும் கார்ட்டிகோஸ்டிரோனே மூளைக்குத் திரும்பிப் போய் 'போதும்' என்கிறது. இதற்குப் பின்னூட்டம் என்று பெயர்.

சேதி சரியாகப் போகாவிட்டால்? 1961-இல் விவரிக்கப்பட்ட ஜுக்கர் எலிகள் மரபிலேயே பருமனானவை. கொழுப்புத் திசு 'போதும்' என்று மூளைக்கு அனுப்பும் இயக்குநீர் லெப்டின். அதை உணரும் ஏற்பியில் அவற்றுக்குக் குறை. அட்ரினலை அகற்றினால் இவற்றின் எடையேற்றம் பெரிதும் தணிகிறது. கார்ட்டிகோஸ்டிரோனைத் திரும்பக் கொடுத்தால் கொழுப்பு மறுபடி ஏறுகிறது. லெப்டினே இல்லாத ஓபி சுண்டெலிகளிலும் இதே கதைதான். மரபுக் குறை இருந்தும் இந்த இயக்குநீர் இல்லாமல் பருமன் முழுதாக வளர்வதில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு.

2001-இல் வந்த ஒரு சோதனை இன்னும் நுட்பமானது. செயலற்ற வடிவத்தைச் செயலுள்ள கார்ட்டிகோஸ்டிரோனாக மாற்றும் நொதியைச் சுண்டெலியின் கொழுப்புத் திசுவில் மட்டும் கூட்டினார்கள். பொது ரத்த ஓட்டத்தில் அளவு கூடவில்லை. ஆனாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்தது, ரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாடும் கெட்டது. ரத்த அளவை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தெரியாது.

சரி, தொல்லை கொடுத்தாலே எலி பருத்துவிடுமா? இல்லை. சாதாரணத் தீவனம் மட்டும் இருந்தால், நாள்பட்ட நெருக்கடியில் எலி பெரும்பாலும் இளைக்கத்தான் செய்யும். சர்க்கரையும் கொழுப்பும் கூடவே வைத்தால் கதை மாறும். அவற்றைத் தேடித் தின்னும், வயிற்றில் கொழுப்பு சேரும். ஆய்வாளர் மேரி டால்மன் குழுவினர் 2003-இல் இதை விரிவாக எழுதினார்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவருக்குப் பசி கூடி முகம் உப்புவதும் இதே குடும்பத்து வேலை. மருத்துவர் சொல்லாமல் அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, ஏனென்றால் அதற்குள் சொந்தச் சுரப்பி அடங்கிப் போயிருக்கும்.

ஸ்ட்ரெஸ் என்பதற்கு இயற்பியல் பாடநூலில் தகைவு, ஈழத்தில் நெருக்கீடு. எலி ஆய்வுக்கு எனக்கு நெருக்கீடு பொருந்துகிறது. குளிர், பசி, அடைத்துவைத்தல் எல்லாம் அதில் அடங்கும். கார்ட்டிகோஸ்டிரோன் என்ற வேதிப்பெயரை மட்டும் அப்படியே விட்டுவிடலாம்.