டிராயரில் கிடக்கும் போனைக் கேமரா ஆக்கும் முன்

போன மாதம் ஒரு டியூஷன் டீச்சர் தன் பழைய போனைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். "தம்பி, பின்மூடி தானா கழண்டுக்குது. பசை போட்டு ஒட்டிக் குடுங்க" என்றார். வாங்கி மேஜைக் கண்ணாடியின் மேல் படுக்க வைத்து, ஓரத்தில் விரலால் லேசாகத் தட்டினேன். பம்பரம் மாதிரி ஒரு சுற்று சுற்றி நின்றது. தட்டையான முதுகுள்ள போன் அப்படிச் சுற்றாது, உரசி நின்றுவிடும். நடுவில் மேடு தட்டியிருந்தால்தான் சுற்றும். (முதுகே வளைந்திருக்கும் மாடல்களில் இந்தச் சோதனை செல்லாது.) பசையில் ஒரு குறையும் இல்லை. உள்ளே பேட்டரி உப்பிப்போய் மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

விசாரித்தேன். எட்டு மாதமாக அந்தப் போன் மேஜைக்கு மேல் ஒரு ஸ்டாண்டில் குப்புறத் தொங்கிக்கொண்டு, அவர் நோட்டில் கணக்குப் போடுவதைப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் காட்டிக்கொண்டிருக்கிறது. சார்ஜர் இராப்பகலாகச் செருகியபடியே. "அதுல சிம் கூட இல்ல தம்பி. கேமரா மட்டும்தான ஓடுது" என்றார்.

இதை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான். மதுரையில் 17 வருடமாக மொபைலும் கம்ப்யூட்டரும் சர்வீஸ் செய்கிறேன். சிம்மைக் கழற்றிவிட்டால் அது வெறும் கேமரா, வெறும் ரிமோட் என்று நினைப்பவர்கள் வாரம் ஒருவராவது வருகிறார்கள். போனை என்னவாக மாற்றினாலும் உள்ளே பேட்டரி இருக்கிறது, மைக் இருக்கிறது, உங்கள் பெயரில் ஒரு கணக்கும் திறந்தே கிடக்கிறது.

பழைய போனை இப்படிப் பயன்படுத்துவது நல்ல விஷயம். நானே எல்லோருக்கும் சொல்கிறேன். லேப்டாப் மூடி மெல்லியது, அதற்குள் வைக்கிற கேமராவும் பொடிசு. பல லேப்டாப்களில் இன்றைக்கும் 720பி என்ற தெளிவு குறைந்த கேமராதான். ஐந்து வருடத்துக்கு முந்தைய சுமாரான போனின் பின்பக்கக் கேமரா அதைவிடப் பல மடங்கு தெளிவாகக் காட்டும். 2020 ஊரடங்கில் வெப்கேம் கிடைக்காமல் ஜனங்கள் அலைந்தபோது, டிராயரில் தூங்கிய போன்களைத் தட்டியெழுப்பித்தான் பல பேருக்கு வகுப்பும் வேலையும் ஓடவைத்தோம்.

இப்போது வழிகளும் எளிதாகிவிட்டன. ஐபோன் எக்ஸ்ஆர் மாடலோ அதற்குப் பின் வந்ததோ இருந்து, அதில் ஐஓஎஸ் 16, மேக் கம்ப்யூட்டரில் வென்ச்சுரா என்ற மேக்ஓஎஸ் பதிப்பு (அல்லது இவற்றுக்குப் பிந்தையவை) இருந்தால் தனி ஆப் எதுவும் வேண்டாம். 2022 முதல் மேக் தானாகவே ஐபோனைக் கேமராவாக எடுத்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டு 14-இல் கூகுள் இதே வசதியைக் கொண்டுவந்தது. பிக்சல் 6-க்கும் அதற்குப் பிந்தைய பிக்சல்களுக்கும் 2023 டிசம்பர் அப்டேட்டில் வந்தது. கேபிள் செருகியதும் வரும் யுஎஸ்பி தேர்வுகளில் 'வெப்கேம்' என்று ஒன்று இருக்கும். விண்டோஸ் 11-க்கும் 2024-இல் ஆண்ட்ராய்டு போனைக் கம்பியில்லாமல் கேமராவாக இணைக்கும் வசதி வந்துவிட்டது. இவை எதுவும் இல்லாத பழைய போனுக்கு ட்ராய்ட்கேம், ஐரியன் மாதிரி ஆப்கள். போனில் ஒரு பாதி, கம்ப்யூட்டரில் ஒரு பாதி போட வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டர் பாதியை எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். ஆப்பின் பெயரைத் தேடி, முதலில் வருகிற விளம்பர லிங்க்கைத் தட்டி, கூடவே நாலு வேண்டாத மென்பொருளையும் ஏற்றிக்கொண்டு வந்த கம்ப்யூட்டர்களை நிறையக் கழுவியிருக்கிறேன். போனில் பிளே ஸ்டோர் பக்கத்துக்குப் போனால், ஆப்பை உருவாக்கியவரின் சொந்தத் தளத்துக்கு அங்கேயே லிங்க் இருக்கும். அதன் வழியாகப் போங்கள்.

அப்புறம் கேபிள். "போன் செத்துப்போச்சுண்ணே, கம்ப்யூட்டர்ல காட்டவே மாட்டேங்குது" என்று வருபவர்களில் பாதிப் பேருக்குப் போனில் பழுதே இருக்காது. சாதாரண யுஎஸ்பி கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே நாலு கம்பி இருக்கும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. மலிவான சில கேபிள்களில் பச்சை, வெள்ளை இரண்டும் கிடையாது. சார்ஜ் ஜோராக ஏறும், படம் மட்டும் ஒரு நாளும் போகாது. கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டுப் போனைக் குறை சொல்லுங்கள்.

கேபிளில் போட்டால் படம் தயங்காமல் வரும். வைஃபையில் போட்டால் இரண்டு கருவியும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸில். ஹாஸ்டல், லாட்ஜ் வைஃபையில் பெரும்பாலும் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பூட்டியிருப்பார்கள். அங்கே ஆப்பைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

கேமரா தவிர மற்ற வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். கேடிஇ கனெக்ட் என்ற இலவச ஆப் போட்டால், போன் திரை கம்ப்யூட்டருக்கு டச்பேட் ஆகிவிடும். பிரசென்டேஷனில் ஸ்லைடு தள்ளலாம், தூரத்தில் உட்கார்ந்தபடி பாட்டை நிறுத்தலாம். ஆண்ட்ராய்டு 9 முதல், போன் ப்ளூடூத் கீபோர்டாகவோ மவுஸாகவோ நடிக்க ஆப்களுக்கு வழி திறந்துவிட்டார்கள். அப்படிச் செய்தால் கம்ப்யூட்டரில் எதுவும் ஏற்ற வேண்டியதில்லை. தலையில் சின்னக் கறுப்புப் புள்ளி மாதிரி அகச்சிவப்பு விளக்கு உள்ள போன்கள் (ரெட்மி மாடல்கள் பலவற்றில் இருக்கும்) டிவிக்கும் ஏசிக்கும் நேரடி ரிமோட். அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: டெஸ்க்டாப்பில் வைஃபை இல்லையா? பழைய போனை வீட்டு வைஃபையில் இணைத்து, கேபிள் போட்டு, யுஎஸ்பி டெதரிங்கை (போனின் இணையத்தைக் கேபிள் வழியே கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் வசதி) ஆன் செய்யுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அந்த வைஃபையே கம்ப்யூட்டருக்குப் போய்விடும். சிம் தேவையில்லை, டேட்டா செலவும் இல்லை.

ரிமோட் என்ற சொல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது, அது பலரின் பணத்தைத் தின்றிருக்கிறது. உங்கள் போனால் உங்கள் கம்ப்யூட்டரை இயக்குவது ஒன்று. உங்கள் போனையே வேறொருவர் தூரத்திலிருந்து இயக்க விடுவது வேறொன்று. எனிடெஸ்க் மாதிரி ஆப்கள் இரண்டாவது வகை. தப்பான ஆப்கள் இல்லைதான், நானும் வேலைக்குப் பயன்படுத்துகிறேன். ஆனால் இதை வைத்து யுபிஐ பணத்தைச் சுருட்டுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. போனில் பேசும் யாரோ ஒருவர் "ஒரு ஆப் போடுங்க சார், அதுல வர்ற நம்பரச் சொல்லுங்க" என்றால் பேச்சை அங்கேயே துண்டித்துவிடுங்கள்.

இப்போது நெட்வொர்க் கேமராவுக்கு வருகிறேன். போனைக் கண்காணிப்புக் கேமராவாக மாற்ற ஐபி வெப்கேம் போன்ற ஆப்கள் இருக்கின்றன. தட்டியதும் திரையில் ஒரு எண் முகவரி வரும், முடிவில் 8080 இருக்கும். அதே வைஃபையில் உள்ள எந்தக் கருவியின் பிரவுசரிலும் அதை அடித்தால் படம் ஓடும். எந்தக் கருவியிலும் என்பதைக் கவனியுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் நீங்களாக வைத்தால்தான் உண்டு. ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்துக்குப் பிரிண்டர் பார்க்கப் போயிருந்தேன். பிரிண்டரின் முகவரியைக் கண்டுபிடிக்க நெட்வொர்க்கைத் தேடியபோது 8080 என்று ஒன்று வந்தது. பிரிண்டராக இருக்கும் என்று திறந்தால், மாடியில் முதலாளி வீட்டு ஹால். கீழே அலுவலகம், மேலே வீடு, இரண்டுக்கும் ஒரே வைஃபை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வைத்த போன் அது. ஒரு பாட்டி தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார், பாடுவது வரை கேட்டது. சட்டென்று மூடிவிட்டு, அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த அலுவலகத்தில் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். எவ்வளவு நாளாகத் திறந்து கிடந்ததோ, அவருக்கே தெரியவில்லை.

வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் போர்ட்டை (வெளி இணையத்திலிருந்து உள்ளே வரும் வழியை) திறந்துவிடச் சொல்லி யூடியூபில் கற்றுக்கொடுக்கிறார்கள். செய்யாதீர்கள். அப்படித் திறந்தால் உலகம் முழுவதற்கும் கதவு திறந்தது மாதிரி. 2016-இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் வீடியோ ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. இணையத்தை ஓயாமல் துழாவி இப்படித் திறந்து கிடப்பவற்றைப் பட்டியல் போடும் தேடுபொறிகளே இருக்கின்றன. வெளியிலிருந்து பார்க்கத்தான் வேண்டுமென்றால், அதற்கென்றே உள்ள ஆல்பிரெட் போன்ற ஆப்பில் வலுவான பாஸ்வேர்டும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டுப் பாருங்கள். கேமரா வைத்திருப்பதை வீட்டுக்கு வேலைக்கு வருபவரிடமும் வாடகைக்கு இருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். ஒருவருடைய அந்தரங்க உடல் பகுதிகளை அவர் சம்மதமில்லாமல் படம் பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ பிரிவில் குற்றம். மூன்று வருடம் வரை சிறை உண்டு.

கணக்கு விஷயம் இன்னும் நெருக்கமானது. டீச்சரின் போனைத் திறந்து பார்த்தால் அவருடைய ஜிமெயில் அப்படியே உள்ளே. எட்டு மாதமாக வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திரைப்பூட்டும் இல்லை. "கேமராவுக்கு எதுக்கு லாக்னு எடுத்துட்டேன்" என்றார். ஜிமெயில் கைக்கு வந்தால் மற்ற பாஸ்வேர்டுகளை மாற்றிவிடலாம், கூகுளில் சேமித்த பாஸ்வேர்டுகளும் அங்கேயே கிடக்கும். அந்தப் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. ஓட்டை இருக்கிற பாத்திரத்தில் வீட்டு நகையைப் போட்டு வைத்த மாதிரி.

அதனால் போனை வேறு வேலைக்கு வைக்கும் முன் முழுதாகத் துடைத்துவிடுங்கள். முதலில் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு செட்டிங்ஸில் போய் கூகுள் கணக்கை நீக்குங்கள். அதன் பிறகே ஃபேக்டரி ரீசெட். இந்த வரிசை மாறினால் சிக்கல்: ஆண்ட்ராய்டு 5.1 முதல், சிலவகை ரீசெட்டுக்குப் பிறகு பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டுப் போன் பூட்டிக்கொள்ளும். அந்தப் பாஸ்வேர்டு மறந்து கடைக்கு வருபவர்கள் நிறைய. ரீசெட் முடிந்ததும் வங்கி, யுபிஐ எதிலும் சம்பந்தப்படாத புது ஜிமெயில் ஒன்றைப் போட்டு, தேவையான ஒரே ஒரு ஆப்பை ஏற்றிக்கொள்ளுங்கள். கேபிள் வழியாக ஓடும் சில ஆப்களுக்கு யுஎஸ்பி டீபக்கிங் ஆன் செய்யச் சொல்வார்கள். பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் வரும் மெனுவில் இருக்கிறது. வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள். அது திறந்திருக்கையில் நீங்கள் சம்மதம் கொடுத்த கம்ப்யூட்டர் அந்தப் போனுக்குள் நிறையச் செய்ய முடியும்.

கடைசியாகப் பேட்டரி. எனக்கு உண்மையான பயம் இதில்தான். லித்தியம் பேட்டரி முழுதாக ஏறும்போது ஒரு செல்லுக்குச் சுமார் 4.2 வோல்ட்டில், புதிய வகைகளில் அதற்கும் மேலே நிற்கும். அந்த உச்சியிலேயே நாள் கணக்காக நிறுத்தி வைத்தால் உள்ளே உள்ள ரசாயனம் சீக்கிரம் கெட்டு வாயு உண்டாகிறது. சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். கேமரா ஓயாமல் ஓடினால் போன் சுடும், மேலே ஃபேன் காற்று படாத மூலை, வெளியே மதுரை வெயில். இதற்கு மேல் பேட்டரி என்ன செய்யும்?

செட்டிங்ஸில் 80 அல்லது 85 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி சில போன்களில் இருக்கிறது. இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் எலக்ட்ரிகல் கடையில் டைமர் பிளக் கிடைக்கும், நாளைக்கு ஓரிரு மணி நேரம் மட்டும் கரண்ட் போகிற மாதிரி வைக்கலாம். பின்கவரைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். பேட்டரியையே கழற்றி அந்த முனைகளில் 5 வோல்ட் சார்ஜர் கம்பியை நேராகப் பற்றவைக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இளைஞர்கள் போர்டைக் கருக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த முனை 5 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது இல்லை, தம்பிகளா.

மூடி தூக்கியிருந்தாலோ, திரையின் ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ, உடனே சார்ஜரைக் கழற்றி அணைத்துவிடுங்கள். அமுக்கி மூடப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை இறக்கவே இறக்காதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது, குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்குகிற இடத்திலோ விவரமான சர்வீஸ் கடையிலோ கொடுங்கள்.

டீச்சர் போனில் உப்பிய பேட்டரியைப் பிளாஸ்டிக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி எடுக்க இருபது நிமிடம் ஆனது. கடையின் பின்பக்கம் மணல் போட்ட தகர டின்னில் அதை வைத்தேன். புது பேட்டரி மாட்டி, போனைத் துடைத்து, திரைப்பூட்டும் போட்டுக் கொடுத்தேன். டைமர் பிளக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வகுப்பு சாயந்திரம் ஆறு மணிக்கு. அப்ப நாலு மணிக்கு ஏறுற மாதிரி வச்சுக் குடுங்க தம்பி" என்றார்.