போன் தள்ளத் தெரிந்த பிள்ளைக்குக் கணினி தெரிந்துவிடாது

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, கணினி வகுப்பில் கொடுத்த வேலையை முடித்துக் காட்டினாள். எக்ஸெலில் ஒரு வகுப்பின் மதிப்பெண் பட்டியல். நிறமெல்லாம் தீட்டிப் பளிச்சென்று இருந்தது. ஒரு மதிப்பெண்ணை மாற்றச் சொன்னேன். மாற்றினாள். மொத்தம் அசையவே இல்லை. கட்டத்தைச் சொடுக்கிப் பார்த்தால் உள்ளே தானாகக் கூட்டும் சூத்திரம் கிடையாது. கால்குலேட்டரில் கூட்டி, வந்த எண்ணை ஒவ்வொரு வரியிலும் கையால் தட்டியிருக்கிறாள். கெட்டிக்காரப் பெண்தான். இத்தனை வருடங்களில் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அடுத்து பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைத் தொடங்கச் சொல்கிறது பாடத்திட்டம்.

அவள் ஒருத்தி என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். தலைப்பை நடுவில் கொண்டுவர ஸ்பேஸ்பாரைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஃபைலை அனுப்பு என்றால் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். "எங்கே சேவ் பண்ணினாய்?" என்று கேட்டால் "வேர்டுல மிஸ்" என்கிறார்கள். பெற்றோரிடம் பேசினாலோ ஒரே பதில்: "என்ன மிஸ் சொல்றீங்க, ரெண்டு வயசுலயே போனை எங்களைவிட நல்லா ஆபரேட் பண்ணுவானே!"

தயவுசெய்து இந்த நினைப்பை விடுங்கள். குழந்தை விரலால் தள்ளுகிறது, அடுத்த வீடியோ வருகிறது. எழுத்துக்கூடத் தெரியாதவர்களும் முதல் நிமிடத்திலேயே பயன்படுத்த வேண்டும் என்று ஒரு குழு உட்கார்ந்து யோசித்து வடிவமைத்த திரை அது. அங்கே தெரிவது அந்தக் குழுவின் திறமை. படம் எங்கே போய்ச் சேர்ந்தது, யாரெல்லாம் பார்க்கிறார்கள், அடுத்த வீடியோ ஏன் இதுவாக வந்தது என்பதெல்லாம் கண்ணில் படாதபடி மறைக்கப்பட்டிருக்கிறது. கண்ணில் படாததை எத்தனை மணி நேரம் பழகினாலும் கற்க முடியாது. பின்சீட்டில் பத்து வருடம் உட்கார்ந்து போனவருக்கு வண்டி ஓட்ட வந்துவிடுமா?

இணையக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கணினி, இணையமெல்லாம் தாய்மொழி மாதிரி என்ற கருத்தை 2001-இல் அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி எழுதினார், உலகமே பிடித்துக்கொண்டது. ஆனால் ஐ.இ.ஏ. என்ற சர்வதேசக் கல்வி ஆய்வு அமைப்பு 2018-இல் பல நாடுகளின் எட்டாம் வகுப்பு மாணவர்களைச் சோதித்தபோது, கணினி, தகவல் திறனில் உச்ச நிலையை எட்டியவர்கள் 2 சதவீதம்தான்.

சரி, எந்த வயதில் எதை? மழலை வகுப்புக்குத் திரையே வேண்டியதில்லை. 2 முதல் 4 வயதுவரை ஒரு நாளில் 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார அமைப்பு 2019-இல் சொன்னது. திரைக்குப் பதில், பல் தேய்ப்பது எப்படி என்று பிள்ளைகளைப் படிப்படியாகச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சொன்னதை மட்டும் செய்யுங்கள். பேஸ்ட் மூடியைத் திறக்கச் சொல்ல மறந்திருப்பார்கள். மூடியோடு பிரஷ்ஷில் அழுத்திக் காட்டினால், தாங்களே விட்ட படியைக் கண்டுபிடிப்பார்கள். நிரலில் பிழை தேடுவதும் இதுவேதான்.

ஐந்து வயதுக்கு மேல் ஸ்கிராட்ச் ஜூனியர்: படக் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதப் பழக்கும் செயலி. அதோடு, தான் வரைந்ததற்குப் பெயர் வைத்துச் சேமித்து மறுநாள் தானே திறக்க வேண்டும். எட்டு வயதிலிருந்து அதன் பெரிய வடிவமான ஸ்கிராட்ச், ஃபோல்டர், பத்து விரல் தட்டச்சு. சக ஆசிரியர்களே, தட்டச்சைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு விரல் பழக்கம் ஊறிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

நடுநிலை வகுப்புகளில்தான் பெரிய ஓட்டை விழுகிறது. எக்ஸெல் சூத்திரம் இங்கேயே வந்திருக்க வேண்டும். அப்புறம், படிப்பதை எடைபோடுவது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், விளம்பரம் என்று குறிப்பிடப்பட்டிருந்த கட்டுரையையே செய்தி என்று நம்பிய நடுநிலை மாணவர்கள் 80 சதவீதத்துக்கும் மேல். தகவல் சரிபார்ப்பதைத் தொழிலாகச் செய்பவர்கள் சந்தேகத்துக்குரிய பக்கத்தையே துருவிக்கொண்டிருப்பதில்லை. இன்னொரு டேப் திறந்து, அந்தத் தளத்தை நடத்துவது யார், மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடுகிறார்கள். இதை ஒருமுறை செய்து காட்டினால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் வரலாற்று ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் தங்கள் பாடத்தில் இதைக் கேட்டால்தான் பழக்கமாக நிற்கும்.

இவ்வளவும் இருந்தால் உயர்நிலை வகுப்பில் பைத்தான் சுமையாகாது. செயற்கை நுண்ணறிவிடம் நிரலை வாங்கி ஒப்படைப்பவர்களும் இருக்கிறார்கள். நான் மதிப்பெண் போடுவதற்கு முன் ஒரு வரியைக் காட்டி, "இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்கிறேன். தானே எழுதியவன் யோசித்துப் பதில் சொல்வான்.

பெற்றோருக்கு: பல சமூக வலைத்தளங்கள் 13 வயதுக்குக் கீழே கணக்கு தருவதில்லை. பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டு நீங்களே திறந்து கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்காதீர்கள்; உங்களைப் பார்த்துத்தான் அவர்களும் வைக்கிறார்கள். பயமுறுத்தும்படி ஏதாவது திரையில் வந்ததாகப் பிள்ளை சொன்னால் போனைப் பிடுங்காதீர்கள், கேளுங்கள். பிடுங்கினால் அடுத்த முறை சொல்லாது.

பள்ளி நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். ஐந்தாம் வகுப்பில் எதை முடித்தார்கள் என்று ஆறாம் வகுப்பு ஆசிரியருக்குத் தெரிவதில்லை. அதனால் வருடாவருடம் பெயிண்டில் வீடு வரைவதிலிருந்தே மறுபடி தொடங்குகிறோம். எந்த வகுப்பில் பிள்ளை எதைச் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, அடுத்த ஆசிரியர் கையில் கொடுங்கள். ஆண்டு இறுதியில் "கணினியின் பாகங்கள் யாவை?" என்று எழுத்துத் தேர்வு வைக்காமல், கணினி முன் உட்காரவைத்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.